மணல்மேட்டின் பல்லி

உரைநடைப் பகுதி

நுழையுமுன்

ஒவ்வோர் உயிரும் தான் வாழும் நிலத்துக்கு ஏற்ற உடலமைப்பைக் கொண்டுள்ளது. மீனுக்குத் துடுப்பும் ஒட்டகத்துக்கு அகன்ற பாதமும் அமைந்தது அதனால்தான். தில்லிக்கு மேற்கே பரந்து கிடக்கும் தார்ப் பாலைவனத்தில் ஒரு சிறிய பல்லி வாழ்கிறது. கையளவுகூட இல்லாத அவ்வுயிர், மணலை எவ்வாறு தன் வீடாக ஆக்கிக்கொண்டது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

1. மே மாதப் புழுதி

தில்லியில் மே அல்லது ஜூன் மாதத்து மாலைப்பொழுது ஒன்றை நினைத்துப் பாருங்கள். வெயிலில் வெளுத்திருந்த வானம் திடீரெனப் பழுப்பு நிறம் கொள்கிறது. பெருங்காற்று எழுகிறது. சாளரக் கதவுகள் படபடக்கின்றன. மாடியில் உலர்த்திய துணிகளை எடுக்க எல்லாரும் ஓடுகின்றனர். இக்காற்றை இவ்வூர் மக்கள் 'ஆந்தி' என்று அழைப்பர். காற்று அடங்கிய பின் பார்த்தால், சாளரத்தின் விளிம்பிலும் மேசையின் மீதும் மென்மையான புழுதி படிந்திருக்கும்.

அப்புழுதியை விரலால் தொட்டுப் பாருங்கள். அதில் ஒரு பகுதி தார்ப் பாலைவனத்திலிருந்து வந்ததாக இருக்கலாம். இந்தியாவின் வடமேற்கிலும் பாகிஸ்தானின் தென்கிழக்கிலுமாக ஏறத்தாழ 2 இலட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் அப்பாலைவனம் விரிந்துள்ளது. அதன் பெரும்பகுதி இராஜஸ்தான் மாநிலத்தில் இருக்கிறது. தில்லியின் ரிட்ஜ் காடு அமைந்துள்ள பாறைக்குன்றுகள், ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடியாகும். அத்தொடருக்கு மேற்கே செல்லச் செல்ல மழை குறைகிறது, மரங்கள் குறைகின்றன, மணல் மிகுகிறது.

தில்லியிலிருந்து ஏறத்தாழ 800 கிலோமீட்டர் பயணம் செய்தால் ஜெய்சல்மேர் நகரை அடையலாம். அங்கிருந்து மேற்கே 40 கிலோமீட்டர் தொலைவில் சாம் என்னும் ஊரின் மணல்மேடுகள் உள்ளன. சென்னையில் ஓராண்டில் சராசரியாக 1400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஜெய்சல்மேரில் பெய்வதோ சுமார் 200 மில்லிமீட்டர் மட்டுமே. கோடையில் அங்கு நண்பகல் வெப்பம் மிகக் கடுமையானது. 2016ஆம் ஆண்டு மே மாதம் 19ஆம் நாள், அதே பாலை நிலப்பகுதியைச் சேர்ந்த பலோடி என்னும் ஊரில் 51 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவாயிற்று. அது காற்றின் வெப்பம். வெயிலில் காயும் மணலின் மேற்பரப்பு அதனினும் மிகுதியாகச் சுடும்.

அத்தகைய மணலில் ஏதேனும் உயிர் வாழுமா? பகலில் பார்ப்பவர் 'வாழாது' என்றே சொல்வர். இரவில் விளக்கொன்றை ஏந்திச் சென்று பார்ப்பவர் வேறு விடை சொல்வர்.

2. நான்கு பெயர்கள்

நாம் காணப்போகும் உயிருக்கு எந்தப் பெயர் பொருந்தும் என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். நான்கு கால்களும் வாலும் உடைய இவ்வகை ஊர்வன அனைத்தையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் குறிப்பதுண்டு. தமிழிலோ சிற்றூர்க் குழந்தைகளும் அறிந்த தனித்தனிப் பெயர்கள் உள்ளன. சுவரிலும் பாறையிலும் ஒட்டி ஏறுவது பல்லி. வேலியில் அமர்ந்து தலையை ஆட்டுவது ஓணான். வழவழப்பான உடலோடு சருகினுள் நெளிந்து ஓடுவது அரணை. உருவில் பெரியதாய், பிளவுபட்ட நாவை நீட்டி நடப்பது உடும்பு. விலங்கியலார் பிரிக்கும் குடும்பங்களும் பெரும்பாலும் இப்பெயர்களோடு பொருந்தி வருகின்றன.

இந்நான்கனுள் குரல் கொடுப்பதில் சிறந்தது பல்லியே. இதனைத் தமிழர் மிகப் பழங்காலத்திலேயே கவனித்துள்ளனர். பாலை பாடிய பெருங்கடுங்கோ என்னும் புலவர் இயற்றிய குறுந்தொகையின் 16ஆம் பாடலில் ஒரு பல்லி வருகிறது. கள்ளிச்செடிகள் நிறைந்த காட்டில், சிவந்த கால்களையுடைய ஆண்பல்லி தன் துணையை அழைக்கிறது. வழிப்பறி செய்வோர் தம் அம்பின் முனையை நகத்தால் தேய்த்துப் பார்க்கும் ஓசையைப் போல அக்குரல் கேட்கிறது என்கிறார் புலவர். பல்லியின் ஒலியை நிமித்தமாகக் கொள்ளும் வழக்கமும் நம்மிடையே உண்டு. ஆயினும் இப்பாடலில் பல்லி ஒலிப்பதற்குக் கூறப்படும் காரணம், இன்றைய அறிவியல் கூறும் காரணமேயாகும்: அது தன் இணையை அழைக்கிறது.

அப்பாடல் பாலைத்திணையைச் சார்ந்தது. எனினும் சங்க இலக்கியத்தின் பாலையும் தார்ப் பாலைவனமும் ஒன்றல்ல. முல்லையும் குறிஞ்சியும் வெயிலின் கொடுமையால் தம் இயல்பு திரிந்து வறண்ட நிலையே தமிழரின் பாலை. மழை பெய்தால் அது மீண்டும் பசுமையாகும். தமிழ்நாட்டில் மணல்மேடுகளைக் காண விரும்பினால் தூத்துக்குடி மாவட்டத்தின் தேரிக்காடுகளுக்குச் செல்லவேண்டும். அங்குள்ள மணல் செந்நிறமானது. தாரின் மணலோ வெளிர்மஞ்சள் நிறமுடையது. அந்நிறத்தையே தன் உடலின் நிறமாகவும் பெற்றிருக்கிறது நம் பல்லி.

3. பெயரிட்டவரும் எழுதியவரும்

வில்லியம் தாமஸ் பிளான்போர்டு என்பவர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் பணியாற்றிய ஆங்கிலேயர். பாறைகளையும் மண்ணையும் ஆராய்வதே அவருடைய பணி. ஆயினும் சென்ற இடமெல்லாம் விலங்குகளையும் அவர் கூர்ந்து நோக்கினார். சிந்துப் பகுதியில் நிலத்தை ஆராய்ந்த காலத்தில் அவர் கண்ட பல்லிகளுள் ஒன்றை, 1876ஆம் ஆண்டில் புதிய இனமாக அறிவித்தார். 'ஓரியன்டாலிஸ்' என்று அதற்குப் பெயரிட்டார். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்குக் 'கிழக்கைச் சார்ந்தது' என்பது பொருள்.

விலங்கியல் நூல்களில் இப்பல்லி 'குரோசோபாமோன் ஓரியன்டாலிஸ்' என்னும் பெயரால் இடம்பெற்றுள்ளது. அப்பெயரின் முதற்பகுதி, 'குஞ்சம்', 'நடப்பது' என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொற்களிலிருந்து உருவானது. பல்லிக்கு ஏது குஞ்சம் என்று நீங்கள் கேட்கலாம். விடை அதன் விரல்களில் இருக்கிறது. பொதுவழக்கில் இதனைச் சிந்து மணற்பல்லி என்பர்.

இந்தியாவின் ஊர்வனவற்றைப் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தியவர்களுள் ஜே. சி. தானியேல் குறிப்பிடத்தக்கவர். 1927இல் நாகர்கோவிலில் பிறந்த அவர், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் நெடுங்காலம் பணிபுரிந்தார். இந்திய ஊர்வன பற்றி அவர் எழுதிய நூல் 1983இல் வெளிவந்தது. தென்கோடியில் பிறந்து, நாட்டின் எல்லா மூலைகளிலும் வாழும் பாம்புகளையும் பல்லிகளையும் ஓணான்களையும் பற்றி எழுதியவர் அவர்.

4. இரண்டு கால்கள்

சிந்து மணற்பல்லியின் தலையும் உடலும் சேர்ந்து 5 அல்லது 6 சென்டிமீட்டர் நீளமே இருக்கும். வால் மெல்லியது, உடலைவிட நீளமானது. முதுகில் மணல்நிறத்தின் மேல் பழுப்புப் புள்ளிகள் காணப்படும். வயிறு வெண்மையானது. அசையாமல் இருந்தால், அருகில் நிற்பவரும் அதனை எளிதில் கண்டுகொள்ள இயலாது.

இதன் சிறப்பை அறிய, உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் பல்லியோடு ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். தில்லி வீடுகளில் மிகுதியாகக் காணப்படுவது மஞ்சள் வயிற்றுப் பல்லி. அதன் விரல்கள் நுனியில் அகன்று பட்டையாக இருக்கும். கண்ணாடிக் கதவின் மறுபுறம் அது ஏறும்போது பாருங்கள். விரல்களின் அடியில் குறுக்குக் குறுக்காக மடிப்புகள் தெரியும். அம்மடிப்புகளில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் செறிந்துள்ளன. வடகிழக்கு இந்தியாவிலும் வாழும் டோக்கே என்னும் பெரிய பல்லியின் ஒரு காலடியில் மட்டும் ஏறத்தாழ 5 இலட்சம் நுண்மயிர்கள் இருப்பதாக அறிவியலார் கணக்கிட்டுள்ளனர். ஒவ்வொரு மயிரின் நுனியும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்திருக்கும். இக்கிளைகள் சுவரை மிக நெருங்கும்போது, இரு பொருள்களின் மூலக்கூறுகளுக்கிடையே தோன்றும் 'வான் டெர் வால்ஸ்' விசை அவற்றைப் பிணைக்கிறது. பல்லியின் காலில் பசை எதுவும் இல்லை.

இத்தகைய கால் மணலில் பயன்படுமா? ஒட்டிக்கொள்வதற்கு உறுதியான பரப்பு வேண்டும். மணலில் ஒட்டினால், ஒட்டிய மணியே கழன்று வந்துவிடும். எனவே மணற்பல்லிக்கு அந்த ஒட்டும் பட்டைகள் இல்லை. அதன் விரல்கள் ஒடுங்கி நீண்டவை. ஒவ்வொரு விரலின் இரு விளிம்புகளிலும் கூரிய சிறு செதில்கள் சீப்பின் பற்களைப் போல வரிசையாக நீண்டுள்ளன. இவையே நாம் தேடிய 'குஞ்சம்'.

மணலில் வெறுங்காலோடு ஓடியவர்க்குத் தெரியும்: அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் கால் புதையும், பின்னோக்கிச் சறுக்கும். கால் பதியும் பரப்பு அகலமானால் புதைவது குறையும். குஞ்சச் செதில்கள் அப்பரப்பை அகலமாக்குகின்றன. மணலைத் தோண்டும்போது அவையே சிறு வாரிகளாகவும் உதவுகின்றன.

ஆப்பிரிக்காவின் தென்மேற்கிலுள்ள நமீப் பாலைவனத்தில் வேறொரு பல்லி வாழ்கிறது. அதன் விரல்களுக்கிடையே வாத்தின் காலில் இருப்பதைப் போன்ற தோல்சவ்வு உண்டு. ஒன்றற்கொன்று பல்லாயிரம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள இரண்டு பாலைவனங்களில் எழுந்த சிக்கல் ஒன்றே: மணலில் புதையாமல் நடப்பது எப்படி? ஒன்று செதிலால் விடை கண்டது; மற்றொன்று சவ்வால் விடை கண்டது.

5. இமையில்லாத கண்

பெரும்பாலான பல்லிகளுக்கு மூடித் திறக்கும் இமைகள் இல்லை. கண்ணின் மேல் கண்ணாடி போன்ற ஒரு மூடி நிலையாக அமைந்திருக்கும். மணற்காற்று வீசும் நிலத்தில் இது நல்ல காப்பு. அம்மூடியில் தூசி படிந்தால் பல்லி தன் நாவை நீட்டி அதனைத் துடைத்துக்கொள்ளும். வீட்டுப் பல்லியும் இவ்வாறு செய்வதைப் பொறுமையோடு காத்திருந்தால் நீங்கள் காணலாம்.

இரவில் இரை தேடும் பல்லியின் கண்மணி, பகலொளியில் நெடுக்கான மெல்லிய கோடாகச் சுருங்கும். இருள் சூழ்ந்ததும் அகலமாக விரியும். நிலவொளியில் நமக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுபோலச் சாம்பல் நிறமாகவே தோன்றும். பல்லிக்கும் அப்படித்தானா? 2004இல் சுவீடன் நாட்டின் லுண்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வடமேற்கு ஆப்பிரிக்காவின் வறண்ட கடற்கரைப் பகுதியில் வாழும் ஒரு பல்லியைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். மங்கிய நிலவொளி அளவே உள்ள வெளிச்சத்திலும் அது நிறங்களைப் பிரித்தறிந்தது. நிறம் காணும் திறனில் அதன் கண் நம் கண்ணைக் காட்டிலும் ஏறத்தாழ 350 மடங்கு நுட்பமானது என்று அவர்கள் கணக்கிட்டனர். நாம் இருட்டு என்று சொல்வது பல்லிக்கு இருட்டன்று.

6. பகலும் இரவும்

கோடைப் பகலில் மணலின் மேற்பரப்பு கொதிக்கும். ஆனால் சில சாண் ஆழத்தில் வெப்பம் மிகக் குறைவு; சிறிது ஈரமும் இருக்கும். மணற்பல்லி பகற்பொழுதை அத்தகைய வளைக்குள் கழிக்கிறது. கதிரவன் மறைந்து மணல் ஆறிய பிறகே வெளியே வருகிறது.

மணல்மேடுகளில் 'சேவண்' என்னும் புல்லும் 'போக்' என்னும் புதர்ச்செடியும் வளர்கின்றன. அவற்றின் வேர்கள் மணலைப் பிடித்து நிறுத்துகின்றன. அப்புதர்களின் அடியில் கறையான், வண்டு, விட்டில், சிலந்தி முதலியன நடமாடும். பல்லி அசையாமல் காத்திருந்து, இரை அருகில் வந்ததும் பாய்ந்து பிடிக்கிறது. அதே வேளையில் அதனையும் பிற உயிர்கள் தேடுகின்றன. ஆந்தையும் நரியும் சுருட்டைவிரியனும் அந்நிலத்தின் இரவு வேட்டையாளர்கள். பகைவரிடம் சிக்கினால் பல்லி தன் வாலைக் கழற்றிவிட்டு ஓடும். கழன்ற வால் துடித்துப் பகைவரின் கவனத்தை ஈர்க்கும். பின்னர்ப் புதிய வால் வளரும். எனினும் அதனுள் எலும்பு இராது, குருத்தெலும்பே இருக்கும்.

குடிக்க நீரில்லாத நிலத்தில் நீருக்கு என்ன செய்வது? இரையின் உடலிலுள்ள ஈரமே பெரும்பாலும் அதற்குப் போதுமானது. மேலும், பெற்ற நீரை அது வீணாக்குவதில்லை. நம் உடலின் கழிவு நீரோடு கலந்து சிறுநீராக வெளியேறுகிறது. பல்லியோ அக்கழிவை யூரிக் அமிலம் என்னும் வெண்ணிறத் திண்மமாக வெளியேற்றுகிறது. வீட்டுப் பல்லியின் எச்சத்தின் ஒரு முனையில் வெள்ளையாகக் காணப்படுவது அதுவே. பாலைவனத்தில் வாழ்வதற்கான ஓர் அரிய ஏற்பாட்டை, நீங்கள் நாள்தோறும் சுவரோரத்தில் பெருக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறீர்கள்.

பல்லி இனங்களுள் பெரும்பாலானவை ஒரு முறைக்கு இரண்டு முட்டைகளே இடும். தாய் அடைகாப்பதில்லை, நிலத்தின் வெப்பமே கருவை வளர்க்கிறது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு, பிறந்த நாள் முதல் தானே இரை தேடிக்கொள்ளும். இங்கு ஓர் உண்மையையும் மனத்தில் கொள்ளுங்கள்: இந்தியாவில் வாழும் எந்தப் பல்லிக்கும் நஞ்சு கிடையாது.

7. பயணம் செய்யும் பல்லி, செய்யாத பல்லி

வீட்டுப் பல்லி மனிதரோடு எங்கும் செல்லக்கூடியது. தில்லியின் மஞ்சள் வயிற்றுப் பல்லியை 1835இல் முதன்முதலாக விவரித்த ருப்பெல் என்னும் செருமானிய அறிஞர், அதனைக் கண்டது செங்கடற்கரையின் மசாவா துறைமுகத்தில். தமிழ்நாட்டு வீடுகளில் 'இச், இச்' என்று ஒலிக்கும் பல்லியோ கப்பல் சரக்குகளோடு சென்று பசிபிக் தீவுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் குடியேறிவிட்டது. சுவரும் விளக்கும் பூச்சியும் இருந்தால் போதும். எந்த ஊரும் அவற்றுக்குச் சொந்த ஊரே.

மணற்பல்லியால் அது முடியாது. அதன் விரல் சுவரில் ஏறுவதற்கு ஏற்றதன்று. அதன் நிறம் கரிய மண்ணில் மறையாது. அதன் வளைக்கு நெகிழ்ந்த மணல் வேண்டும். மணலுக்கு மிகவும் பொருந்தியதாக அமைந்த உடல், மணலையன்றி வேறெதற்கும் எளிதில் பொருந்தாது. இதுவே அதன் வலிமை. இதுவே அதன் இடரும்கூட.

8. தரிசு என்னும் சொல்

நம் நாட்டின் நிலங்களை வகைப்படுத்தும் அரசு ஆவணங்களில், பாலைவன மணற்பரப்பு 'தரிசு நிலம்' என்னும் தலைப்பின்கீழ் இடம்பெறுகிறது. பயிர் விளையாத நிலம் பயனற்றது என்னும் எண்ணம் அச்சொல்லில் அடங்கியுள்ளது. எனவே அதனைப் பயனுடையதாக மாற்றும் முயற்சிகள் நடைபெற்று வருகின்றன.

அவற்றுள் பெரியது இந்திரா காந்திக் கால்வாய். பஞ்சாபின் ஹரிக்கே அணைக்கட்டிலிருந்து புறப்பட்டு 649 கிலோமீட்டர் நீளும் இக்கால்வாயின் பணி 1958இல் தொடங்கியது. அதன் நீர் ஜெய்சல்மேர் மாவட்டத்தையும் சென்றடைந்தது. பல கல் தொலைவு நடந்து குடிநீர் சுமந்த பெண்களின் துயர் அதனால் தணிந்தது. மணல் கிடந்த இடத்தில் கோதுமையும் கடுகும் விளைந்தன. இந்நன்மைகளை எவரும் மறுக்க இயலாது.

ஆனால் ஈரமான மணல் இறுகுகிறது. மேடுகள் சமன் செய்யப்பட்டு வயல்களாகின்றன. நகரும் மணலைத் தடுக்க வெளிநாட்டு மரங்கள் நடப்பட்டன. தமிழ்நாட்டில் நாம் சீமைக்கருவேலம் என்று அழைக்கும் மரம் அவற்றுள் ஒன்று. தில்லியின் ரிட்ஜ் காட்டையும் அதுவே நிறைத்துள்ளது. அண்மைக் காலத்தில் பரந்த மணல்வெளிகளில் சூரிய மின்னாற்றல் பூங்காக்களும் எழுகின்றன. ஜோத்பூருக்கு வடக்கே அமைந்த பட்லா பூங்கா, உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. மின்சாரம் நமக்கு வேண்டும். தில்லியில் நம் வீட்டு மின்விசிறி சுழலவும் அது வேண்டும். எனினும், நெகிழ்ந்த மணல் இல்லாமற்போன ஓரிடத்தில் குஞ்சவிரல் பல்லிக்கு வாழ்வில்லை என்பதையும் நாம் அறிந்திருக்கவேண்டும்.

பாலைவனம் வெறுமையான இடமன்று என்பதை அங்கு வாழும் மக்கள் நன்கறிவர். சேவண் புல் அவர்களுடைய மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் உணவு. ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்டநில ஆராய்ச்சி நிறுவனம் 1959 முதல் அந்நிலத்தின் மண்ணையும் பயிரையும் விலங்கையும் ஆராய்ந்து வருகிறது. ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் 3162 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாலைவனத் தேசியப் பூங்கா அமைக்கப்பட்டுள்ளது. அழிவின் விளிம்பில் நிற்கும் கானமயிலைக் காக்கும் இடமாக அது புகழ்பெற்றது. கானமயிலுக்காகக் காக்கப்படும் மணலில் மணற்பல்லியும் பாதுகாப்புப் பெறுகிறது. பெரிய பறவையைக் காண வருவோர் பலர். அதன் காலடியில் வளைக்குள் உறங்கும் பல்லியைத் தேடி வருவோர் சிலரே.

ஒரு நிலத்துக்கு என்ன செய்வது என்று முடிவெடுக்கும் முன், அங்கு யார் வாழ்கின்றனர், எவை வாழ்கின்றன என்று கேட்பது நம் கடமை. கால்வாய் வேண்டிய இடத்தில் கால்வாயும், மணல் இருக்கவேண்டிய இடத்தில் மணலும் இருக்கட்டும். அடுத்த கோடையில் ஆந்தி வீசி உங்கள் சாளரத்தில் புழுதி படியும்போது, அதனைத் துடைப்பதற்கு முன் ஒருகணம் நினைத்துப் பாருங்கள். அந்த மணல் ஓர் உயிரின் வீடு.

அருஞ்சொற்பொருள்

சாளரம் – பலகணி, சன்னல்
நிமித்தம் – நன்மை தீமைகளை முன்னறிவிப்பதாகக் கருதப்படும் குறி
குஞ்சம் – நூல் முதலியவற்றின் தொங்கும் விளிம்பு
வளை – விலங்குகள் வாழும் பொந்து
வாரி – மண்ணையோ குப்பையையோ வாரும் கருவி
எச்சம் – பறவை, பல்லி முதலியவற்றின் கழிவு
தரிசு – பயிரிடப்படாத நிலம்
இடர் – துன்பம், தடை

பயிற்சிகள்

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. சிந்து மணற்பல்லி புதிய இனமாக அறிவிக்கப்பட்ட ஆண்டு
(1835 / 1876 / 1958)

2. ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி அமைந்துள்ள இடம்
(ஜெய்சல்மேர் / தில்லி / தூத்துக்குடி)

3. குறுந்தொகையின் 16ஆம் பாடலில் பல்லி ஒலிப்பது
(இரையை அச்சுறுத்த / துணையை அழைக்க / மழையை அறிவிக்க)

ஆ. கோடிட்ட இடத்தை நிரப்புக.

1. தில்லியில் வீசும் புழுதிக்காற்றை மக்கள் ________ என்பர்.
2. தூத்துக்குடி மாவட்டத்தின் செம்மணல் மேடுகள் ________ எனப்படும்.
3. பல்லி தன் கழிவை ________ என்னும் திண்மமாக வெளியேற்றுகிறது.

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. பல்லி, ஓணான், அரணை, உடும்பு ஆகியவற்றை எவ்வாறு வேறுபடுத்தி அறியலாம்?
2. மணற்பல்லி தன் கண்ணை எவ்வாறு தூய்மை செய்கிறது?
3. மணற்பல்லி பகலில் வளைக்குள் இருப்பது ஏன்?

ஈ. ஒரு பத்தியில் விடை எழுதுக.

1. வீட்டுப் பல்லியின் காலையும் மணற்பல்லியின் காலையும் ஒப்பிட்டு எழுதுக.
2. 'இதுவே அதன் வலிமை. இதுவே அதன் இடரும்கூட' – இத்தொடரை விளக்குக.
3. பாலைவனத்தைத் 'தரிசு' என்று அழைப்பது பொருந்துமா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் எழுதுக. கால்வாயால் பயன்பெற்ற உழவர் ஒருவர் என்ன விடை சொல்வார் என்பதையும் சேர்த்து எழுதுக.

உ. மொழிப்பயிற்சி

சொல்லின் இறுதியில் 'ல்' நின்று, அடுத்த சொல் 'க, ச, ப' வரிசை எழுத்தில் தொடங்கினால், 'ல்' என்பது 'ற்' ஆக மாறுவதுண்டு.

மணல் + பல்லி = மணற்பல்லி
பகல் + பொழுது = பகற்பொழுது

இவ்வாறே சேர்த்து எழுதுக.

1. மணல் + காற்று = ________
2. கடல் + கரை = ________
3. மணல் + பரப்பு = ________

ஊ. செயல்திட்டம்

1. உங்கள் வீட்டுப் பல்லியை ஏழு நாள்கள் தொடர்ந்து மாலையில் நோக்குக. அது வெளிவரும் நேரம், பிடித்த இரை, கண்ணைத் துடைத்ததா, ஒலி எழுப்பியதா என்பவற்றைக் குறிப்பேட்டில் எழுதுக. பல்லியைத் தொடவோ துரத்தவோ வேண்டா.

2. ஊரிலுள்ள தாத்தா பாட்டியிடம் தொலைபேசியில் பேசி, அவர்கள் சிறுவயதில் பல்லி, ஓணான், அரணை, உடும்பு ஆகியவற்றை எங்கெங்கே கண்டனர், இப்போதும் அவை அங்கு உள்ளனவா என்று கேட்டறிக. அவர்கள் கூறிய வட்டாரப் பெயர்களையும் சேர்த்து வகுப்பில் படித்துக் காட்டுக.